"தைரியமா குதி"ன்னு சொல்ற மகாஜனங்களே...

முதல்லயே சொல்லிடறேன். நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றவன். சிரிச்சு முடிச்சாச்சா? சரி, இப்ப மேல படிங்க :-)

ஒலிம்பிக் கனவெல்லாம் கிடையாது சாமி. இங்க அமெரிக்காவுல நிறைய ஊர்ல, சின்னப் பசங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுக்கிற கூடத்துலயே, பசங்க எல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு மேல பெரியவங்களுக்கு ஒரு கிளாஸ் வெப்பாங்க. அடல்ட் ஜிம்னாஸ்டிக்ஸ்னு பேரு. சின்ன வயசுல பண்ணிட்டு விட்டவங்க, பிரேக் டான்ஸ் ஆடறவங்க, என்னை மாதிரி நாள் பூரா பொட்டி தட்டிட்டு முதுகு கூன் போட ஆரம்பிச்சவங்கன்னு ஒரு கதம்பக் கூட்டம். 25 வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச ஒரே ஜிம்னாஸ்டிக்ஸ், பாட்டி வீட்டு வைக்கப்போர்ல போட்ட குட்டிக்கரணம்தான். ரெண்டு வருஷத்துல பேக் டக் வரைக்கும் வந்துட்டேன். அதாவது ஓடி வந்து, கையை ஊன்றித் திரும்பி, அப்படியே பின்பக்கமா எம்பி, முட்டியை மார்போட சேர்த்து, அந்தரத்துல ஒரு பல்டி. முதல் தடவை அது வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. வேலையில பதவி உயர்வு வந்தப்பக்கூட நல்லாத்தான் தூங்கினேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. கிளாஸ் முடியப் போற நேரம். கால் சோர்ந்து போச்சு. "கடைசியா ஒண்ணே ஒண்ணு"ன்னு ஓடினேன். (இந்த "கடைசியா ஒண்ணு"ல எத்தனை பேரு முட்டி போயிருக்கோ!) சுத்து பத்தலை, உடம்பு கொஞ்சம் திரும்பியே இறங்கிடுச்சு, இடது முட்டி உள்பக்கமா மடங்குச்சு. "டப்"புன்னு ஒரு சத்தம். ஏசிஎல்னு சொல்ற முட்டி ஜவ்வு முழுசா கிழிஞ்சிருச்சு. ஆபரேஷன். தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைநாண்ல கொஞ்சம் எடுத்து முட்டிக்குள்ள புது ஜவ்வு கட்டினாங்க. 11 மாசம் பிசியோதெரபி.

இதெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லலை. இதுக்கப்புறம் நடந்ததைப் பத்தித்தான் எனக்குக் கோபம்.

*

திரும்பப் போன முதல் வாரம். டாக்டர் சரின்னுட்டார். ஒத்தைக் காலால தாவிப் பார்க்கிற சோதனையில அடிபட்ட காலு நல்ல காலோட ஒப்பிட்டா 94 சதவீதம். வழக்கமா 90 தாண்டினா பாஸ். காகிதத்துல நான் பாஸ்.

ஓடுதளத்து முனையில நிக்கிறேன். ஓடறேன். கை ஊன்ற வேண்டிய இடம் வருது. கால் தானா நின்னுடுச்சு. மறுபடி போய் நிக்கிறேன். ஓடறேன். நின்னுடுச்சு. எட்டு தடவை. எனக்கும் என் காலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைங்கற மாதிரி.

அப்பத்தான் ஆரம்பிச்சாங்க. "எல்லாம் உன் தலைக்குள்ளதான் இருக்கு." "ரொம்ப யோசிக்கிற." "கண்ணை மூடிக்கிட்டு குதி." பயிற்சியாளர் கையைத் தட்டி "ஜஸ்ட் கமிட்!"னார். அட ராசா... டெஸ்ட் ஓட்டாம கமிட் பண்ணினா என்ன ஆகும்னு என்கிட்டயா சொல்ற? அதை வெச்சுத்தான்யா நான் சம்பளமே வாங்கறேன்.

அப்புறம் எல்லாரும் ரெண்டு பக்கமும் நின்னு கைதட்ட ஆரம்பிச்சாங்க. "யூ காட் திஸ்! யூ காட் திஸ்!" தாளம் போட்டு.

அந்தக் கைதட்டலைக் கேட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா அதை நான் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேன். நானே தட்டியிருக்கேன்.

எனக்கு அடிபடறதுக்கு ஒரு வருஷம் முந்தி, எங்க கிளாஸ்ல ஒருத்தங்க. நாப்பது வயசு இருக்கும், நர்ஸ் வேலை. நான் மனசுக்குள்ள அக்கான்னுதான் நினைச்சுக்குவேன். அவங்களுக்கும் இதே ஜவ்வுதான் கிழிஞ்சிருந்தது. ஆபரேஷன் ஆகி ஏழே மாசத்துல திரும்பி வந்தாங்க. ஒரு நாள் ஓடுதளத்துல நின்னுக்கிட்டு, "இன்னைக்கு முட்டி சரியில்லை, பயமா இருக்கு"ன்னாங்க. தெளிவா, சத்தமா, எங்க எல்லாருக்கும் கேட்கற மாதிரி. நாங்க என்ன பண்ணினோம்? சுத்தி நின்னு தாளம் போட்டோம். சிரிச்சாங்க. ஓடினாங்க. குதிச்சாங்க. அதே முட்டி.

ஐஸ் வெச்சுக் கட்டும்போது "எனக்கு அப்பவே தெரியும், எனக்கு அப்பவே தெரியும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க கிளாசுக்கு வரவே இல்லை. கைதட்டினவங்க நாங்க எல்லாரும் அடுத்த வாரமும் போனோம்.

அதனாலதான் இந்தப் பதிவு.

*

என் அனுபவத்துல காயத்துல இருந்து திரும்பறவனைச் சுத்தி ரெண்டு கட்சி இருக்கு.

ஒண்ணு, தைரியக் கட்சி. "பயத்தை ஜெயிக்கணும்." இவங்க பாரதியார் பாட்டுல ஆரம்பிச்சு வாட்ஸ்அப் பொன்மொழி வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து விடுவாங்க.

ரெண்டாவது, விட்டுத்தொலை கட்சி. இதுக்கு நிரந்தரத் தலைவி எங்கம்மா. "ஏண்டா கண்ணு, கல்யாணம் பண்ற வயசுல உனக்கு எதுக்குடா இந்தக் குரங்கு வித்தை? நடந்து போயிட்டு வந்தா உடம்பு நல்லாயிருக்காதா?"

பார்க்க எதிரும் புதிருமா தெரிஞ்சாலும் ரெண்டு பேரும் பண்றது ஒரே தப்புதான். ரெண்டு பேருமே பயத்தைக் குணம்னு நினைக்கிறாங்க. ஒருத்தர் அதைக் கோழைத்தனம்ங்கறார், உதறு. இன்னொருத்தர் அதைப் புத்தின்னு சொல்றார், அடங்கு. அந்தப் பயம் என்னதான் சொல்லுதுன்னு காது கொடுத்துக் கேட்டவங்க ரெண்டு கட்சியிலயும் ஒருத்தர்கூட இல்லை.

வள்ளுவர் இந்த விஷயத்துல தெளிவா இருந்திருக்கார். அஞ்ச வேண்டியதுக்கு அஞ்சாம இருக்கிறது மடத்தனம்னு ஒரு குறள் உண்டு. அதை எந்த அதிகாரத்துல வெச்சிருக்கார்ங்கறதுதான் விசேஷம். அறிவுடைமை. பயப்படறதை வீரத்துக்கு எதிர்க்கட்சியில உட்கார வைக்காம, அறிவோட வேலைன்னு சொல்லிட்டுப் போயிட்டார் மனுஷன்.

*

முதல்ல தைரியக் கட்சிக்கு வர்றேன். இவங்க அடிக்கடி காட்டற படம் ஒண்ணு இருக்கு. 1996, அட்லாண்டா ஒலிம்பிக். கெர்ரி ஸ்ட்ரக்ங்கற 18 வயசுப் பொண்ணு. முதல் வால்ட்ல கணுக்கால் போயிடுச்சு. நொண்டிக்கிட்டே போய் ரெண்டாவது தடவையும் குதிச்சு, ஒத்தைக் கால்ல நின்னு, அப்படியே மடங்கி விழுந்தாங்க. அமெரிக்காவுக்குத் தங்கம். பயிற்சியாளர் தூக்கிட்டு வர்ற போட்டோ உலகம் பூரா ஓடுச்சு.

இந்தக் கதையில சொல்லாம விடற பாதி இருக்கே, அதையும் சொல்லுங்க சாமிகளா. அந்த ரெண்டாவது வால்ட் இல்லைன்னாலும் அமெரிக்கா ஜெயிச்சிருக்கும். மார்க் எல்லாம் கூட்டிப் பார்த்தப்ப தெரிஞ்சது. அந்தக் கணுக்காலால ஸ்ட்ரக் அதே ஒலிம்பிக்ல தனிநபர் இறுதிப் போட்டிகள்ல இறங்கவே முடியலை. தேவைப்படாத ஒரு குதிக்கு ஒரு பொண்ணோட கால். நாம அதை ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கோம்.

இன்னொரு கதை இருக்கு. இதை யாரும் ஃபிரேம் போட மாட்டாங்க.

எலெனா முகினா. சோவியத் யூனியன். 1978ல உலக சாம்பியன். 1979ல கால் உடைஞ்சுது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் பக்கத்துல வந்துடுச்சு. கால் சரியா கூடறதுக்கு முன்னாடியே பயிற்சிக்கு இழுத்துட்டாங்க. தாமஸ் சால்டோன்னு ஒரு வித்தை. காத்துல சுத்தி, காலால இறங்காம, முன்பக்கமா உருண்டு முடிக்கணும். கொஞ்சம் உயரம் குறைஞ்சாலும் தலையோ தாடையோதான் முதல்ல தரையில படும். அந்தப் பலவீனமான காலால அவ்வளவு உயரம் எம்ப முடியாதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். இதுல என் கழுத்து ஒடியப் போகுதுன்னு பயிற்சியாளர்கிட்டயே சொல்லியிருக்காங்க. உன்ன மாதிரி ஆளுங்களுக்குக் கழுத்தெல்லாம் ஒடியாதுன்னு பதில் வந்ததா, பின்னாள்ல பேட்டியில அவங்களே சொன்னாங்க.

1980 ஜூலை 3. ஒலிம்பிக்குக்கு ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலதான் இருந்தது. மின்ஸ்க் நகரத்துல பயிற்சி. கழுத்து ஒடிஞ்சது. வயசு 20. அதுக்கப்புறம் 2006ல சாகிற வரைக்கும் கழுத்துக்குக் கீழ அசைவு இல்லை. அந்த வித்தையை அப்புறம் பெண்களுக்குத் தடை பண்ணினாங்க. உருண்டு முடிக்கிற அந்த ரகத்தையே பின்னாடி ஆண்களுக்கும் தடை பண்ணிட்டாங்க.

இப்பச் சொல்லுங்க. முகினாவோட பயம் "தலைக்குள்ள" இருந்ததா? அந்தக் கூடத்துல சரியா கணக்குப் போட்டது அந்தப் பயம் ஒண்ணுதான். அதைத்தான் யாரும் மதிக்கலை.

*

"ஏய், நிறுத்து. நீ சொல்றது உலக சாம்பியன் கதை. நீ ராத்திரி எட்டு மணி கிளாஸ் ஆளு"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. சாதாரண ஆளுங்க கணக்கையும் பார்ப்போம்.

ஏசிஎல் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைப் பத்தின பல ஆய்வுகளைத் தொகுத்து 2014ல ஒரு கட்டுரை வந்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினவங்க 81 சதவீதம். பழைய அளவுக்கே திரும்பினவங்க 65. போட்டி அளவுக்குத் திரும்பினவங்க 55. முட்டி நல்லா வேலை செஞ்சும் நிறைய பேர் திரும்பாததுக்கு, திரும்ப அடிபட்டுடுமோங்கற பயம் ஒரு பெரிய காரணம்.

தைரியக் கட்சி உடனே துள்ளும். "பார்த்தியா, பயந்தா இப்படித்தான்." பொறுங்க.

2016ல நார்வே ஆராய்ச்சிக்காரங்க ஒண்ணு வெளியிட்டாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்பறதை ஒன்பதாவது மாசம் வரைக்கும் தள்ளிப் போட, தள்ளிப் போட, ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி அடிபடற விகிதம் 51 சதவீதம் குறைஞ்சுதாம். தசை பலம், தாவற தூரம்னு வெச்சிருந்த சோதனைகள்ல தேறாமலேயே திரும்பினவங்கள்ல 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டியில அடி. தேறித் திரும்பினவங்கள்ல 5.6 சதவீதம். எங்க அக்கா வந்தது ஏழாவது மாசம். சோதனை எதுவும் பண்ணின மாதிரி தெரியலை. அவங்க பயத்துல என்னய்யா தப்பு?

தைரியக் கட்சிக்கு ஒரு நல்ல வாதமும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். "பயந்து பாதியில நிறுத்தறதுதான் ரொம்ப ஆபத்து. பேக் டக்ல எம்பினப்புறம் மனசு மாறினா தலைகீழாத்தான் விழணும்." நூத்துக்கு நூறு உண்மை. ஓடும்போது நிக்கலாம், எம்பினப்புறம் நிக்க முடியாது. பயத்தோட இறங்கறவன் காலை விறைப்பா வெச்சு இறங்குவான். அடிபட்ட காலைக் காப்பாத்த நல்ல கால்ல பாரத்தைப் போடுவான். திரும்பற நேரத்துல பயம் அதிகமா இருக்கறவங்களுக்குத்தான் ரெண்டாவது காயமும் அதிகமா வருதுன்னு 2018ல ஓர் அமெரிக்க ஆய்வுகூடச் சொல்லுது.

ஆனா இதுல இருந்து வர வேண்டிய முடிவு என்ன? பயம் இருக்கறவன் குதிக்கக் கூடாதுங்கறதுதானே! இவங்க என்னடான்னா, "ஆகவே, பயம் இல்லாத மாதிரி நடிச்சுக்கிட்டு குதி"ங்கறாங்க. கைதட்டினா பயம் போகாது. பயத்தைச் சொல்ற வாய் மட்டும்தான் மூடும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர்ல இருந்து அலாரம் அடிச்சா, சத்தத்தை அமுக்கிட்டு "சிஸ்டம் பிரமாதமா ஓடுது"ன்னு படுக்கறவனை நாங்க இன்ஜினியர்னு சொல்ல மாட்டோம்.

*

இப்ப அம்மா கட்சி. (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான்!)

விட்டுடறது சுலபம். விட்டா பயம் போயிடும்னு நினைச்சுக்கறோம். போகாது, வளரும். முதல்ல பேக் டக் வேணாம்னு தோணும். அப்புறம் ரவுண்ட் ஆஃப் வேணாம். அப்புறம் மாடிப்படியில ரெண்டு ரெண்டு படியா இறங்கறது வேணாம். ஆபரேஷன் ஆன ஆறாவது மாசம், மழை பெஞ்ச தரையில நான் கிழவன் மாதிரி நடந்துக்கிட்டு இருந்தேன். நடக்கிறதுக்கு அந்த முட்டி எப்பவோ தயாராயிடுச்சுன்னு பிசியோ சொல்லியாச்சு. ஆனாலும் நடந்தது நானில்லை, என் பயம்.

இதுக்கு டாக்டருங்க பேரே வெச்சிருக்காங்க. கைனீசியோஃபோபியா, அசைவச்சம். அதை அளக்கறதுக்கு டாம்பா அளவுகோல்னு 17 கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு. ஏசிஎல் ஆளுங்களுக்குன்னே 2008ல தனியா இன்னொரு கேள்வித்தாளும் வந்துடுச்சு. வலி, வலி வருமோங்கற பயம், அதனால ஒதுங்கறது, ஒதுங்கறதால உடம்பு இன்னும் பலவீனமாகறது, அதனால இன்னும் பயம். இப்படி ஒரு சுழல்.

அப்புறம் அந்த வயசு விஷயம். ஓக்சானா சுசோவிடினா 1975ல பிறந்தவங்க. 1992ல முதல் ஒலிம்பிக். டோக்கியோவுல எட்டாவது ஒலிம்பிக்ல இறங்கினப்ப வயசு 46. நம்ம திரிபுராவோட தீபா கர்மாகர் 2016 ரியோவுல நாலாவது வந்தாங்க. 2017ல இதே ஏசிஎல் ஆபரேஷன். 2018 ஜூலையில துருக்கியில நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில வால்ட்ல தங்கம். பிரேசிலோட ரெபேக்கா ஆண்ட்ராடேவுக்கு 2015, 2017, 2019னு மூணு தடவை ஏசிஎல் போச்சு. மூணு தடவை! டோக்கியோவுல தங்கமும் வெள்ளியும், 2024 பாரிஸ்ல ஃப்ளோர்ல தங்கம். மனநல நிபுணரோட பல வருஷமா வேலை பண்றதாலதான் இதெல்லாம் முடிஞ்சுதுன்னு அவங்க வெளிப்படையா சொல்றாங்க. "தைரியமா குதிச்சேன்"னு சொல்லலை, கவனிங்க.

*

சரி, நீ என்னதான் பண்ணினன்னு கேட்கறீங்களா? சொல்றேன். நான் டாக்டர் இல்லை. உங்க முட்டிக்கு உங்க டாக்டரைக் கேளுங்க.

நான் முதல்ல பண்ணினது, பயத்தைப் பிரிச்சது. மொத்தமா "பயமா இருக்கு"ன்னா ஒண்ணும் பண்ண முடியாது. "சாஃப்ட்வேர் வேலை செய்யலை"ன்னு வர்ற புகார் மாதிரி. எங்க, எப்ப, என்ன பண்ணும்போதுன்னு கேட்டாத்தான் பிடிபடும். கேட்டுப் பார்த்தா உள்ள மூணு தனித்தனிக் கேள்வி இருந்தது.

ஒண்ணு: இந்த முட்டி தாங்குமா? இதுக்கு அளந்து பதில் சொல்லலாம். தாவற தூரம், தசை பலம், ஒத்தைக் கால்ல இறங்கறப்ப முட்டி உள்பக்கமா சாயுதான்னு வீடியோ. எனக்கு நம்பர் எல்லாம் சரி. ஆனா வீடியோவுல பார்த்தா, சோர்ந்து போனப்ப முட்டி லேசா உள்ள சாஞ்சுது. ஆக, என் காலு எட்டு தடவை நின்னதுல கொஞ்சம் நியாயம் இருந்திருக்கு!

ரெண்டு: இந்த வித்தை எனக்கு இன்னும் வருமா? 11 மாசம் தொடலை. வராது. இதுல வெட்கப்பட என்ன இருக்கு? 11 மாசம் தொடாத கோட் எனக்கே புரியாது. முட்டி ஆறினா வித்தையும் கூடவே ஆறி வந்துடும்னு எல்லாரும் நினைச்சுக்கறோம். அது முதல்ல இருந்து திரும்பக் கத்துக்க வேண்டிய சமாச்சாரம்.

மூணு: அந்த "டப்" மறுபடி கேட்குமோ? இது ஒண்ணுதான் நிஜமாவே தலைக்குள்ள இருக்கறது. இதுக்கும் பேச்சுல பதில் கிடையாது. பழைய நினைவு அழியாது, அதுக்கு மேல புதுசா நூறு தடவை நல்லா இறங்கின நினைவை அடுக்கணும். மனநல வைத்தியத்துல இந்தப் படிப்படியா பழகற முறை 1950கள்ல இருந்தே உண்டு.

எக்செல்ல ஒரு ஏணி போட்டேன் (வேற என்ன தெரியும் நமக்கு?). கீழ்ப்படி, ஓர் அடி உயரப் பெட்டியில இருந்து குதிச்சு ரெண்டு கால்ல இறங்கறது. அப்புறம் ரெண்டு அடி. அப்புறம் நீள டிராம்போலின்ல வெறுமனே எம்பறது. அப்புறம் அதுலயே ரவுண்ட் ஆஃப். அப்புறம் ஸ்பாஞ்சுக் குழிக்குள்ள பேக் டக். அப்புறம் தடிமனான மெத்தை மேல. அப்புறம் தரையில, பக்கத்துல ஒருத்தர் கை கொடுத்து. கடைசிப் படி, தரையில தனியா.

ஒவ்வொரு தடவைக்கு முன்னாடியும் பயத்துக்கு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு மார்க். ரெண்டு வெவ்வேறு நாள்ல மூணோ அதுக்குக் கீழயோ வந்தாத்தான் அடுத்த படி. ஆறைத் தாண்டினா ஒரு படி இறங்கணும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கிளாசோட கடைசிப் பத்து நிமிஷம் புதுசா எதுவும் கிடையாது. "கடைசியா ஒண்ணு" அறவே தடை. அப்புறம், பாதியில தப்புன்னு தெரிஞ்சா எப்படிப் பத்திரமா விழறதுன்னு தனியா பழகினேன். எந்தப் பொன்மொழியும் குறைக்காத அளவுக்கு என் பயத்தைக் குறைச்சது அதுதான். விழத் தெரிஞ்சவனுக்கு விழறதைப் பத்தின பயம் பாதியாயிடுது.

முதல் நாள் ஓரடிப் பெட்டிக்கு என் மார்க் என்ன தெரியுமா? ஏழு. டாக்டர் சரின்னு சொன்ன, 94 சதவீதம் வாங்கின முட்டிக்கு, ஓரடிப் பெட்டியில ஏழு. இந்த நிலைமையில என்னைத்தான் தரையில பேக் டக் அடிக்கச் சொல்லிக் கைதட்டினாங்க.

இதை ஊர்ல இருக்கிற என் சிநேகிதன் ஒருத்தன்கிட்டச் சொன்னேன். "மச்சி, இவ்வளவு கணக்குப் போட்டா அது விளையாட்டாடா?"ன்னான். மாப்ளே, 2021ல டோக்கியோவுல சிமோன் பைல்ஸ் என்ன பண்ணினாங்க? வால்ட்ல ரெண்டரை திருகு போட வேண்டியவங்களுக்கு ஒன்றரையிலயே காத்துல திசை தெரியாமப் போச்சு. குழு இறுதிப் போட்டியில இருந்து விலகிட்டாங்க. கோழை, ஓடிட்டாங்கன்னு உலகமே திட்டிச்சு. ஒரு வாரம் கழிச்சு பேலன்ஸ் பீம்ல வந்தாங்க. திருகு எதுவும் இல்லாத வேற ஒரு இறங்கு வித்தையை வெச்சுக்கிட்டு வந்து வெண்கலம் வாங்கினாங்க. அதுக்கு என்ன அர்த்தம்? ஏணியில ஒரு படி இறங்கிட்டு வந்தாங்க. அவ்வளவுதான். 2023ல முழுசா திரும்பினாங்க. 2024 பாரிஸ்ல மூணு தங்கம், ஒரு வெள்ளி. உலகத்துலயே பெரிய ஜிம்னாஸ்டே கணக்குப் போட்டுத்தான் குதிக்கிறாங்க, வாரம் ரெண்டு நாள் குதிக்கிற நான் கண்ணை மூடிக்கிட்டு குதிக்கணுமா?

*

இப்ப நான் எங்க இருக்கேன்? தரையில, பக்கத்துல ஒருத்தர் கை கொடுக்க, பேக் டக் வந்துடுச்சு. மார்க் நாலு. மூணு இன்னும் ஆகலை. தரையில தனியா இன்னும் அடிக்கலை. அடிப்பேனா? தெரியாது. மூணு வந்தா அடிப்பேன். வராமலே போனா, மெத்தை மேலயே ஆயுசு பூரா அடிச்சுட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போவேன். அதைக் கைதட்டற கூட்டமும் முடிவு பண்ணாது, எங்கம்மாவும் முடிவு பண்ண முடியாது. (அம்மா, நிஜமாவே படிச்சீங்கன்னா, மெத்தை நல்ல தடிமன்.)

இது ஜிம்னாஸ்டிக்ஸ் சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. பைக்ல விழுந்துட்டு மறுபடி வண்டியெடுக்க நடுங்கறவங்க, முதுகு பிடிச்சுக்கிட்டு குனியவே பயப்படற அப்பா, மாதிரி ஆளுங்க உங்க வீட்டுலயும் இருப்பாங்க. அவங்ககிட்ட "பயப்படாத"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "பத்துக்கு எத்தனை?" ஏழுன்னு சொன்னா, "சரி, மூணு எங்க இருக்கு, அங்க இருந்து ஆரம்பிப்போம்"னு சொல்லுங்க.

போன மாசம் புதுசா ஒரு பையன் கிளாசுக்கு வந்தான். தோள்பட்டை நழுவி, சரியாகித் திரும்பினவன். கம்பிக்குக் கீழ நின்னுக்கிட்டு மேலயே பார்த்துட்டு இருந்தான். கூட்டம் வழக்கம் போலக் கைதட்ட ஆரம்பிச்சுது. நான் தட்டலை. பக்கத்துல போய் எத்தனைன்னு கேட்டேன். முதல்ல புரியலை. அப்புறம் மெதுவா "எட்டு"ன்னான். தாழ்வான கம்பி ஒண்ணு இருக்கு, கால் தரையில பட்டுக்கிட்டே தொங்கலாம், அதுக்குப் போவோமான்னேன்.

உடனே வந்துட்டான்.

அந்த நர்ஸ் அக்காகிட்டயும் அன்னைக்கு இதைக் கேட்டிருக்கலாம். ரெண்டு செகண்ட் கூட ஆகியிருக்காது.